பொடனி நட்டும் ஆறு பட்டை ஸ்பானரும்

ஆடிக் காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் காலை, சங்ககிரிக்குப் போகிற சாலையில் லாரிகளாலேயே பிழைக்கிற மேட்டுக்கடை என்ற ஊரில், பெரியவர் சிறியவர் அத்தனை பேருடைய பிடரியிலும் ஆளுக்கு ஒரு நட்டு இருந்தது. தலை வாரிய பெண்களின் சீப்பு முதலில் அதில் தட்டியது, பிறகு சவரக்கடையில் உட்கார்ந்த ஆண்களின் கழுத்தில் கத்தி தட்டியது, பள்ளிக்கூடம் கிளம்பிய பிள்ளைகள் ஒருவர் காலரை ஒருவர் இழுத்துப் பார்த்து, உனக்கும் இருக்குதா என்று கேட்டுச் சந்தோஷப்பட்டார்கள். முடி தொடங்குகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, அந்தப் பக்கத்து ஆட்கள் பொடனி என்று சொல்கிற இடத்தில், ஆறு பட்டை வைத்த எஃகு நட்டு, தொட்டால் சில்லென்று, வலி எதுவும் இல்லாமல், பிறந்ததிலிருந்தே அங்கே இருந்ததைப் போல உட்கார்ந்திருந்தது.

வேறு ஊராக இருந்தால் மனிதக் கழுத்தில் நட்டு எப்படி வந்தது என்று கேட்டிருப்பார்கள். மேட்டுக்கடையில் வீட்டுக்கு ஒரு லாரி, லாரிக்கு எண்ண முடியாத நட்டு; நட்டைப் பார்த்து மிரள அங்கே ஆளில்லை. அது மில்லிமீட்டர் கணக்கா இன்ச் கணக்கா என்பதில்தான் டீக்கடையில் சண்டை வந்தது. ஆஸ்பத்திரிக்கு வெளியூரிலிருந்து வந்துபோகிற டாக்டர், சுத்தமாக வைத்துக்கொண்டு தேங்காயெண்ணெய் தடவுங்கள் என்று சொன்னார். அவருக்கு நட்டு இல்லாததால் அதற்குமேல் அவரிடம் அதைப் பற்றிப் பேசுவது மரியாதையில்லை என்று ஊர் விட்டுவிட்டது.

பிறகு ஊர் அதோடு குடித்தனம் நடத்தப் பழகிக்கொண்டது. கல்யாணத் தரகர் பத்துப் பொருத்தத்தோடு ஸ்பானர் பொருத்தம் என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டு, மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஒரே ஸ்பானர் மாட்டினால் குடும்பம் ஒற்றுமையாக இருக்கும் என்று சொன்னபோது யாரும் எதிர்த்துப் பேசவில்லை. கோயில் பூசாரி நெற்றிக்குக் கொஞ்சமும் நட்டுக்குக் கொஞ்சமுமாகத் திருநீறு கொடுத்தார். டவுன் பஸ்ஸில் பின் சீட்டுக்காரர் முன் சீட்டுக்காரரின் நட்டையே கண்ணாடியாக வைத்துக்கொண்டு தலை சீவினார். மரை கழன்றவனே என்று ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வது மட்டும் அன்றோடு நின்றுபோனது; ஏனென்றால் திட்டு வாங்கினவர் உடனே கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்துவிட்டு, இல்லீங், கெட்டியாத்தான் இருக்குது என்று பதில் சொன்னார், அதற்குமேல் சண்டையை எப்படி வளர்ப்பது என்று திட்டினவருக்குத் தெரியவில்லை.

நட்டு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதும் சீக்கிரமே தெரிந்தது. லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்க்கிற அய்யாவு, குண்டும் குழியுமான ரோட்டில் மொபெட்டில் வந்து வந்து நட்டு தளர்ந்துபோய், ஒருநாள் முதலாளியைப் பார்த்து, நீங்க சொல்ற சோக்குக்கு இத்தனை வருசமா நான் சிரிச்சதெல்லாம் பொய்யிங் என்று சொல்லிவிட்டு, சொல்லிவிட்ட சந்தோஷத்தில் நடுரோட்டுக்கு வந்து பாட ஆரம்பித்தார். மனசில் இருப்பது அப்படியே வாய்க்கு வந்துவிடும், அதுதான் தளர்ந்த நட்டின் குணம். இது ஊருக்கு ஆகிற காரியமா?

லாரிக்காரர்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று, தளர்ந்தால் இறுக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வையாபுரியின் லாரிப் பட்டறை முன்னால் குடும்பம் குடும்பமாக வரிசை நின்றது. சக்கர நட்டை இறுக்கிப் பழகின கைகள் சக்கர நட்டை இறுக்குவது மாதிரியே இறுக்கின; பிடி நீளம் போதாது என்று ஸ்பானரின் வாலில் இரும்புப் பைப்பைச் செருகி, மேலே ஏறி மிதிக்காத குறையாக, கிர்க் கிர்க்கென்று சத்தம் வரும்வரை முறுக்கின. அப்படி இறுக்கிக்கொண்டவர்கள் நிமிர்ந்து நடந்தார்கள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்கள், பஸ்கள் நேரத்துக்கு வந்தன, பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதின, டீக்கடையில் ஒருவரும் சிரிக்காததால் டீ ஆறுவதற்குள் குடித்து முடித்தார்கள். நல்ல மாற்றம்தான் என்று மேட்டுக்கடை தன்னைத்தானே மெச்சிக்கொண்டது.

அந்த ஊரில் லாரிகளின் பின்பக்கம் எழுத்து எழுதுகிற நாச்சிமுத்துவுக்கும் அவர் மனைவி சரசாளுக்கும் இரண்டு பெண்கள். மூத்தவள் பூங்கோதை, இளையவள் கோகிலவாணி. பூங்கோதைக்கு ஒரு சிரிப்பு இருந்தது. அவள் சிரிக்க ஆரம்பித்தால் பக்கத்து வீட்டுத் தொட்டிலில் தூங்கும் குழந்தை விழித்துக்கொண்டு என்ன ஏதென்று தெரியாமல் தானும் சிரிக்கும், எதிர்வீட்டு ஆள் பல் துலக்குவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார், அவள் அம்மா வாசலைச் சாத்துவாள். கோகிலவாணிக்கு அந்தச் சிரிப்பு இல்லை. அவளுக்கு இருந்தது வண்டிப் பைத்தியம். லாரிக்கு அடியில் படுத்திருப்பவர்களைக் குனிந்து பார்த்தே வளர்ந்தவள், பிடிவாதம் பிடித்து ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் சேர்ந்து முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள்.

லாரி பாடி கட்டும் கம்பெனி வைத்திருக்கிற தனபாக்கியம் அம்மாள் தன் மகன் சம்பத்துக்குப் பூங்கோதையைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். இறுக்கமான மனுஷி என்று பேர் எடுத்தவர். மகனுடைய நட்டைத் தினமும் காலையில் தன் கையாலேயே சரிபார்த்துத்தான் வெளியே அனுப்புவார் என்று ஊரில் சொல்வார்கள்.

"அவிய முன்னால இவ கெக்கெக்கேன்னு சிரிச்சுப்போட்டா மானமே போயிரும்," என்றார் நாச்சிமுத்து.

"பட்டறைக்கு எதுக்குப் போவோணும்? நம்ம ஊட்டுலயே மெக்கானிக் இருக்கறாளே," என்றாள் சரசாள்.

மெக்கானிக் என்று தன்னை முதல்முறையாக ஒருவர் சொன்னதில் கோகிலவாணிக்குத் தலைகால் புரியவில்லை. தாய்மாமன் வையாபுரியின் பட்டறைக்கு ஓடிப்போய் ஒரு ரிங் ஸ்பானரை இரவல் வாங்கி வந்தாள், கூடவே ஒரு துண்டுப் பைப்பும் வாங்கி வந்தாள். பூங்கோதை முக்காலியில் உட்கார்ந்து பின்னலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கூச்சமா இருக்குதுடீ" என்று சிரித்துக்கொண்டே இருந்தாள். கோகிலவாணி ஸ்பானரை மாட்டினாள், பைப்பைச் செருகினாள், மாமா எப்படி இழுப்பாரோ அப்படி இழுத்தாள். இன்னும் கொஞ்சம் என்று அம்மா சொன்னாள், இன்னும் கொஞ்சம் இழுத்தாள். கடக்கென்று ஒரு சத்தம் வந்து ஸ்பானர் வழுக்கியது, நட்டின் ஆறு மூலையும் மழுங்கிப்போனது, பூங்கோதையின் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

பெண் பார்க்க வந்தவர்களுக்கு அவளைப் பிடித்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், காபியைச் சிந்தாமல் கொடுத்தாள், சம்மதமா என்று கேட்டதற்குச் சம்மதம் என்றாள். தனபாக்கியம் அம்மாள் அவள் பிடரியைத் தடவிப் பார்த்து, "கெட்டியான புள்ளை" என்று பாராட்டிவிட்டு, வருகிற வெள்ளிக்கிழமை உப்புச்சர்க்கரை மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிப் போனார். இரண்டு வீடும் உப்பையும் சர்க்கரையையும் மாற்றிக்கொண்டுவிட்டால் அந்தப் பக்கத்தில் வாக்கு வாக்குதான், பிறகு கொடுத்த வாக்கைத் திருப்பி எடுக்கிற வழக்கம் இல்லை.

அக்கா அதற்குப் பிறகும் சாப்பிட்டாள், தூங்கினாள், சொன்ன வேலையைச் செய்தாள். ஆனால் சிரிக்கவில்லை, அழவுமில்லை, தங்கை போய் முன்னால் நின்றால் ஏதோ சாமானைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். சம்மதம் என்று சொன்னது அக்காவா, இறுகின நட்டா? வெள்ளிக்கிழமைக்குள் இது தெரியாவிட்டால் ஆயுசுக்கும் தெரியப்போவதில்லை. பட்டறைக்காரர்கள் எல்லாருமே மூலை போன நட்டில் ஸ்பானர் போட மாட்டோம் என்றார்கள். உளியை வைத்துத் தட்டி எடுக்கலாம், ஆனால் அப்படி எடுத்தவர்களுக்கு மரையே போய்விடும், நட்டு பிடிமானமில்லாமல் சும்மா சுற்றும், சிரிக்கிறோமா அழுகிறோமா என்று அவர்களுக்கே தெரியாது.

அந்த வாரத்தில்தான் ஐடிஐயில், இனி ஒவ்வொருவரும் சொந்தமாக ஸ்பானர் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு பெண் முதன்முதலாக ஸ்பானர் வாங்கப் போகிறாள் என்றதும் ஊரே அறிவுரை சொல்ல வந்தது, அவ்வளவு இறுக்கத்திலும் அந்த ஒரு பழக்கம் மட்டும் மேட்டுக்கடையை விட்டுப் போகவில்லை. ஸ்பானர்னா கனம் வேணும், தூக்கினா தோள் எறங்கோணும் என்றார் வையாபுரி. நம்ம ஊட்டு எவர்சில்வர் பாத்திரமாட்டப் பளபளன்னு இருக்கறதா எடு என்றாள் சரசாள். எதிர்வீட்டு டிரைவர், ஒரு ரேஞ்சு ஸ்பானரும் ஒரு சுத்தியலும் இருந்தால் உலகத்தையே கழற்றிவிடலாம் என்றார். நாச்சிமுத்துவோ, திறந்தால் தெருவே வாயைப் பிளக்கிற பெரிய பெட்டியாக, ஒரு செட்டாக வாங்கிக் கொடுப்பதாக எப்போதோ மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அப்பாவும் மகளும் சேலத்துக்குப் பஸ் ஏறினார்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு டூல்ஸ் கடையை நடத்துகிற எஸ்தர் அக்காவுக்குப் பேச நேரமில்லை, ஆனாலும் பேசாமல் இருக்க முடியாது. ஊர்ப் பேரைக் கேட்டதுமே, "மேட்டுக்கடையா? பொடனிக்கா, வண்டிக்கா?" என்றாள்.

"ரெண்டுக்கும்ங்க்கா," என்றாள் கோகிலவாணி.

எஸ்தர் அக்கா ஒரு பெரிய பெட்டியைத் தூக்கி மேஜைமேல் வைத்துத் திறந்தாள். உள்ளே சிறியதிலிருந்து பெரியதுவரை ஸ்பானர்கள் வரிசையாகப் படுத்துக்கொண்டு மின்னின. நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்தது. கோகிலவாணி அதிலிருந்து ஒரு ரிங் ஸ்பானரை எடுத்தாள். அதைப் பிடித்ததும் கடக்கென்ற அந்தச் சத்தம் காதுக்குள் கேட்டது, ஸ்பானரைத் திரும்ப வைத்துவிட்டாள்.

"என்ன அம்மிணி, புடிக்கலியா?" என்றார் அப்பா.

"மாட்டிப் பார்க்காத எப்பிடீங்கப்பா எடுக்கறது?"

நாச்சிமுத்து சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றி, கடையில் நிற்கிறவர்கள் பார்க்கிறார்களே என்ற வெட்கத்தோடு குனிந்து கழுத்தைக் கொடுத்தார். "எம்மேல போட்டுப் பாரு," என்றார்.

அவள் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தாள். ரிங் ஸ்பானர் எந்தப் பக்கமிருந்து வைத்தாலும் டபக்கென்று உட்கார்ந்தது. "அது வளையத்துக்குள்ள பன்னண்டு பட்டை. கண்ண மூடிட்டு மாட்டலாம்," என்றாள் எஸ்தர் அக்கா பெருமையாக. கோகிலவாணி அதை லேசாக அசைத்தாள். உள்ளே ஒரு சின்ன ஆட்டம் இருந்தது. அந்த ஆட்டத்தை அவள் விரல்களுக்குத் தெரியும். அக்காவின் நட்டு வழுக்குவதற்குச் சற்று முன்னால் இதே ஆட்டம்தான் கைக்கு வந்தது, அப்போது அவள் அதைச் சட்டை செய்யவில்லை. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். பன்னிரண்டு பட்டை ஸ்பானர் நட்டின் மூலைகளை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. மூலையைப் பிடித்து இழுத்தால் மூலைதானே போகும்!

"ஆறு பட்டையில இருக்குதுங்களாக்கா?"

"இருக்கு, பாக்ஸ் ஸ்பானர்ல இருக்கு. யாரும் கேக்கறதில்ல. நின்னு நிதானமாப் பாத்து மாட்டணும், உங்க ஊர்க்காரங்களுக்கு ஏது நேரம்," என்று முனகிக்கொண்டே எஸ்தர் அக்கா உள்ளேயிருந்து ஒரு தூசி படிந்த டப்பாவைக் கொண்டுவந்தாள். குட்டிக் கிண்ணங்களைப் போல இருந்தன அந்த பாக்ஸ் ஸ்பானர்கள்.

உண்மைதான், அது சட்டென்று மாட்டவில்லை. நட்டின் பட்டை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று தெரிய வேண்டும், அதற்கு முகத்தைக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருந்தது. அப்பாவின் பிடரியை இவ்வளவு பக்கத்தில் அவள் பார்த்ததில்லை. அங்கே பச்சைப் பெயின்ட் ஒரு துளி காய்ந்திருந்தது, நரைமுடி சுருண்டிருந்தது, தோல் வெயிலில் கருத்து மடிப்பு மடிப்பாக இருந்தது. பட்டைக்குப் பட்டை ஒத்துவந்ததும் ஸ்பானர் மெதுவாக உள்ளே இறங்கி உட்கார்ந்தது. ஆட்டமே இல்லை. மூலைகளை விட்டுவிட்டு ஆறு பக்கத்தையும் முழுசாக அணைத்துப் பிடித்திருந்தது. சரிதானா என்று பார்ப்பதற்காக அவள் ஒரு நூல் அளவுக்குத் திருப்பினாள், நட்டு அந்த ஒரு நூலுக்குத் தளர்ந்து கொடுத்தது.

"அம்மிணி," என்றார் நாச்சிமுத்து, குனிந்தபடியே. "அந்தப் புள்ளை சிரிச்சா மானம் போயிரும்னு நாந்தேன் சொன்னேன். இப்ப அவ சிரிப்பு இல்லாத ஊட்டுக்குள்ள போறதுக்கு எனக்குக் கால் வரமாட்டீங்குது. வேலை கெடக்குதுன்னு பொய் சொல்லிப்போட்டு, எழுதி முடிச்ச லாரிக்குப் பொறத்தாலயே ஒக்காந்துக்கறேன்." மேஜையின் கண்ணாடிப் பலகையில் ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்தது. எஸ்தர் அக்கா திரும்பிக்கொண்டு, தூசியே இல்லாத ஒரு தட்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.

கோகிலவாணிக்கும் கண் நிறைந்துவிட்டது. "இறுக்கீரட்டுங்களாப்பா?" என்று கேட்டாள்.

"வேண்டாம் கண்ணு. சித்த நேரம் இப்பிடியே இருந்துக்கறேன்."

அவள் கடைசியில் எடுத்தது கொஞ்சம்தான். ஆறு பட்டை பாக்ஸ் ஸ்பானர்களில் தேவையான அளவுகள், திருப்புளிக்கு இருப்பதுபோல உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு உருண்டைப் பிடி, மூக்கு நீண்ட ஒரு சின்ன எண்ணெய்க் குப்பி. இவ்வளவுதானா, நீளப் பிடி ஒன்றாவது எடுத்துக்கோ, முதல் தடவை வாங்கற பொண்ணு இப்படியா வெறுங்கையோட போவாங்க என்று எஸ்தர் அக்கா அடித்துக்கொண்டாள்.

"பைப்பு நொழையற பிடி எனக்கு வேண்டாம்ங்க்கா," என்றாள் கோகிலவாணி. "எங்கைய எனக்கு நம்பிக்கை பத்தலீங்."

நாச்சிமுத்து பெரிய பெட்டியின் மூடியைத் தன் கையாலேயே மெதுவாகச் சாத்தினார்.

வீட்டில் அந்தச் சின்னத் துணிப்பையைப் பார்த்துச் சரசாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். வையாபுரி மாமா உருண்டைப் பிடியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது காது கொடையறதுக்குங்களா?" என்று கேட்டார்; இறுக்கின நட்டோடு அவ்வளவு கிண்டல் வந்ததே பெரிய விஷயம். கோகிலவாணி அக்காவை உட்காரவைத்து, பின்னலைத் தூக்கிக் கட்டி, நட்டைச் சுற்றி எண்ணெய் விட்டாள். எண்ணெய் உள்ளே இறங்கட்டும் என்று காத்திருந்து காத்திருந்து மறுபடி மறுபடி விட்டாள். மழுங்கின மூலைகளுக்கு நடுவே பட்டைகள் மிச்சமிருந்தன, ஆறு பட்டை ஸ்பானர் அவற்றைத் தேடிப் பிடித்துக்கொண்டது. ஆனால் நட்டு அசையவில்லை. மறுநாளும் அசையவில்லை. அக்கா கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்துவிட்டது. வாசலில் கோலம், முற்றத்தில் ஜமுக்காளம், தட்டுகளில் உப்பும் சர்க்கரையும். மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிவிட்டார்கள் என்று போன் வந்தது. கோகிலவாணி பின்வாசல் படியில் அக்காவை உட்காரவைத்து இன்னும் போராடிக்கொண்டிருந்தாள், உள்ளங்கை தோல் உரிந்து எரிந்தது. வையாபுரி கையில் உளியோடு வந்து நின்றார்.

"தள்ளு அம்மிணி. ரெண்டே தட்டு. இல்லீன்னா இப்பிடியே உட்டுரு, அவியளுக்கும் இதேதான் புடிச்சிருக்குது."

கோகிலவாணிக்கு ஒரு வழி தெரியும். துருவேறிப் பிடித்துக்கொண்ட நட்டைக் கழற்ற வேண்டுமானால் முதலில் அதை ஒரு நூல் இறுக்க வேண்டும், அப்போதுதான் பிடித்திருப்பது விட்டுக் கொடுக்கும். ஐடிஐ பட்டறையில் பழைய இன்ஜின்களில் அவளே அப்படிக் கழற்றியிருக்கிறாள். தெரிந்திருந்தும் இத்தனை நாளாக அவள் அதைச் செய்யவில்லை. எந்தப் பக்கம் திருப்பி அக்காவைக் கெடுத்தாளோ அதே பக்கம் இன்னொரு முறை திருப்ப அவளுக்குப் பயமாக இருந்தது, உயிரே போகிற பயம். அக்காவின் கழுத்தருகே முகத்தைக் கொண்டுபோய், "அக்கா, சித்த வலிக்கும், பொறுத்துக்கோ" என்று சொன்னாள். அக்கா, சரி என்றாள், எதைச் சொன்னாலும் சொல்கிற அதே சரி.

அவள் இறுக்கினாள்.

"ஐயோ, இன்னுமாடீ இறுக்கறே!" என்று சரசாள் அலறினாள். பூங்கோதையின் தோள்கள் விறைத்தன. பிறகு உள்ளே எங்கேயோ கிணுக்கென்று பல்லில் கல் கடிபட்டதுபோல ஒரு சத்தம் கேட்டது. கோகிலவாணி கையை மறுபக்கம் திருப்பினாள். நட்டு வந்தது. கொஞ்சம், இன்னும் கொஞ்சம், இன்னொரு சுற்று.

பூங்கோதை மூச்சை இழுத்து விட்டாள். திரும்பித் தங்கையைப் பார்த்தாள், இந்தத் தடவை தங்கையையே பார்த்தாள்.

"ஏன்டீ," என்றாள், "பைப்பாடீ போட்டே எனக்கு? நான் என்ன லாரியா?"

கோகிலவாணி அவள் மடியில் விழுந்து அழுதாள். பூங்கோதையும் அழுதாள், சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அழுதாள், அழுகை முடிகிற இடத்தில், லாரியா என்று தான் கேட்டது நினைவுக்கு வந்து சிரிக்க ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டில் குழந்தை எழுந்துகொண்டது. வீட்டுக்கு வெளியே லாரி மறைவில் உட்கார்ந்திருந்த நாச்சிமுத்து ஓடி வந்தார்.

"எவ்வளவு இறுக்கட்டும்க்கா? நீயே சொல்லு," என்றாள் கோகிலவாணி ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு.

பூங்கோதை கையைப் பின்னால் கொண்டுபோய், கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நட்டைப் பிடித்துத் தானே திருகி நிறுத்தினாள். "கைமுறுக்கு போதும்," என்றாள், சொல்லிவிட்டு, தட்டில் பலகாரமாக வைத்திருந்த கைமுறுக்கு கண்ணில் பட்டு, மறுபடி தாங்க முடியாமல் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு தெருமுனை வரைக்கும் போயிருக்க வேண்டும். காரிலிருந்து இறங்கின தனபாக்கியம் அம்மாள் வாசலிலேயே நின்று, "சிரிச்சது ஆரு?" என்று கேட்டார். சரசாள் அவசரமாக, வாங்க வாங்க என்று ஜமுக்காளத்தைக் காட்டினாள். மாப்பிள்ளை சம்பத் விறைப்பாகப் பின்னால் நின்றான். ஜமுக்காளத்தில் எல்லாரும் உட்கார்ந்த பிறகு, வழக்கப்படி, பெண்ணுக்குச் சம்மதந்தானா என்று பெரியவர் ஒருவர் கேட்டார்.

"அன்னிக்குச் சம்மதம்னு சொன்னது நட்டுங்க," என்றாள் பூங்கோதை. "இன்னிக்கு நான் சொல்லோணும்னா, அவரும் ஒருக்கா அவரா பேசோணும்ங்க."

எழுந்து போய்விடுவார்களோ என்று நாச்சிமுத்து உப்புத் தட்டைப் பிடித்துக்கொண்டார். ஆனால் சம்பத் தன் அம்மாவைப் பார்த்தான், பிறகு பூங்கோதையைப் பார்த்தான், பிறகு குனிந்து கழுத்தைக் காட்டினான். கோகிலவாணி போய் அவன் பின்னால் உட்கார்ந்து, எந்தப் பக்கம் பட்டை இருக்கிறது என்று பார்த்து, பொருந்துகிற பாக்ஸை எடுத்து மாட்டி, கால் சுற்று விட்டாள்.

"பசிக்குதுங்," என்றான் சம்பத்.

எல்லாரும் அவனையே பார்த்தார்கள்.

"விடிஞ்சதுலயிருந்து ஒண்ணும் திங்கலீங். உப்புச்சர்க்கரை மாத்தி முடியறவரைக்கும் திங்கக்கூடாதுன்னுட்டாங்க. அப்புறம் எனக்கு லாரின்னாலே பயம்ங்க, ரிவர்ஸ்ல வந்தா நான் ஓடிப் போயிருவேன். அம்மாகிட்டச் சொன்னதில்லீங். அப்புறம், இவிய சிரிச்சது தெருவுல கேட்டப்ப, உள்ள ஆரோ நல்லா இருக்கறாங்கன்னு நெனச்சேன்ங்."

முதலில் சிரித்தது பூங்கோதைதான். பிறகு நாச்சிமுத்து சிரித்தார், பிறகு எத்தனையோ மாதமாகச் சிரிக்காத ஜனங்கள் சிரிப்பு எந்தப் பக்கம் வரும் என்று மறந்துபோய், இருமுவதும் விக்குவதுமாகச் சிரித்தார்கள். பூங்கோதை எழுந்துபோய் ஒரு தட்டு நிறைய வெல்லப் பலகாரமான கச்சாயம் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்து, "மொதல்ல தின்னுங்க. உப்பும் சர்க்கரையும் எங்கயும் ஓடிப் போயிராது," என்றாள். அவன் தின்றான். அவள் எதிரில் உட்கார்ந்து, ரிவர்ஸில் வருகிற லாரியைப் பற்றி விவரமாக விசாரிக்க ஆரம்பித்தாள்.

தனபாக்கியம் அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. வாய் நிறைய அடைத்துக்கொண்டு பேசுகிற மகனையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மெதுவாக எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, கோகிலவாணிக்கு முன்னால் வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கொண்டையில் வைத்திருந்த பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கொண்டையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தார்.

"எனக்கும் சித்தப் பாத்து உடு அம்மிணி," என்றார். "ரொம்ப நாளாச்சு."

கோகிலவாணி எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு, பட்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள்.